நிறம் சேர்க்காத படிகம்

அந்த லென்ஸ் எதையும் கூட்டிச் சொல்லாது. சிவப்பு இருந்தால் சிவப்பு. இல்லாவிட்டால் இல்லை. முப்பத்து நான்கு வருடம் கண்ணை நம்பிச் சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன், அப்படி ஒரு சாட்சி கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

போன மாதம் எங்கள் காரைக்கால் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் புது மைக்ராஸ்கோப் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருடம் முடியவில்லை; கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிற வழக்கம் விட்டபாடில்லை. போனேன். டெக்னீஷியன் சுமதி ஒரு லென்ஸைத் திருகிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சார், நூறு எக்ஸ்ங்கறது புரியுது. பக்கத்துல எஃப், எல்னு ரெண்டெழுத்து வெட்டியிருக்கே, அது என்னங்க சார்? கம்பெனிக்காரரைக் கேட்டா, உசத்தியான லென்ஸ் மேடம்னு மட்டும் சொல்றாரு."

"ஃப்ளோரைட். கண்ணாடி இல்லம்மா, படிகம்" என்றேன். மேலே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் சளி டப்பாக்களோடு ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள். சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அதைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன்.

நான் நெடுங்காட்டுக்காரன். பெயர் கலியபெருமாள். வாய்க்காலில் தண்ணீர் வருகிற நாளை வைத்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாம் நடக்கும். நான் ஒருவன் மட்டும் தண்ணீரை விட்டுவிட்டுக் கண்ணாடிக்குள் இறங்கினேன். புதுச்சேரியில் எட்டு மாதம் பயிற்சி. ரத்தம், சளி, சிறுநீர், மலம். சாயம் போடு, கழுவு, பார், எழுது. அந்த எட்டு மாதத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான படிப்பு மத்மசேல் தெரேஸ் காரைக்காலுக்கு மாற்றலாகி வந்த அன்று தொடங்கியது.

மத்மசேல் என்றால் பிரெஞ்சில் செல்வி; அவர் எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவி. புதுச்சேரிப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும், பிரான்சில் படித்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, இடது கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். நோயாளிகள் டாக்டரம்மா என்று கூப்பிட்டால் நின்று திருத்துவார்: "நான் டாக்டர் இல்லைங்க. டாக்டருக்குக் கண்ணு." 'மாதிரி', 'போல' என்ற இரண்டு சொற்களும் அவர் அறைக்குள் நுழைய முடியாது. "இருக்குற மாதிரி இருக்கு மத்மசேல்" என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும். "மாதிரி வெளிய நிக்கட்டும். இருக்கா, இல்லையா?"

அவர் கொண்டுவந்த வழக்கங்கள் இரண்டு. ஒன்று, ஸ்லைடைப் பார்க்கிறவனுக்கு நோயாளியின் பெயர் தெரியக்கூடாது, எண் மட்டும். இரண்டாவது வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் நான் பார்த்ததில்லை. முடிவு எழுதும் பதிவேட்டில் தன் கையாலேயே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தார். 'எந்த லென்ஸால் பார்த்தது?' அதை நிரப்பாமல் எவன் எழுதினாலும் அந்த முடிவு செல்லாது.

அந்தக் கட்டம் ஏன் என்பதற்குப் பதில், அவர் பெட்டியில் ஃபிளானல் துணி சுற்றி வந்த ஒரு பித்தளைச் சிமிழ். சிமிழுக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஆயில் லென்ஸ், ஸ்லைடின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்ப்பது. அதன் கழுத்தில் அந்த இரண்டு எழுத்து.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு ஆயில் லென்ஸ் இருந்தது, நல்லதுதான், கண்ணாடி லென்ஸ். ஆனால் கண்ணாடிக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. வெள்ளை வெளிச்சம் அதற்குள் புகுந்தால், சனிக்கிழமை திருநள்ளாற்றில் பஸ்ஸை விட்டு இறங்குகிற கூட்டம் கதைதான். ஊதா ஒரு பக்கம் வேகமாகத் திரும்பும், சிவப்பு சோம்பலாகத் திரும்பும், எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேராது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இரண்டு மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டினாலும் கொஞ்சம் நிறம் மிஞ்சி, பொருளின் ஓரத்தில் கசியும். நூறு மடங்கு பெரிதாக்கும்போது அந்தக் கசிவும் பெரிதாகிவிடும். ஃப்ளோரைட் படிகம் அப்படியில்லை. வெளிச்சத்தைக் கொஞ்சமாக வளைக்கும். நிறங்களை அதைவிடக் கொஞ்சமாகப் பிரிக்கும். அதைக் கண்ணாடியோடு ஜோடி சேர்த்தால் ஒன்றின் பிழையை மற்றது வாங்கிக்கொள்ள, நிறங்கள் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் வந்து இறங்கும்.

முதல் தடவை அதன் வழியே ஒரு ஸ்லைடைப் பார்த்தபோது நான் கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். அதுவரை பார்த்த நீலம் நீலமே இல்லை. செல்களின் ஓரம், விடிந்ததும் வயல் வரப்பு தெரிவது போல, வெட்டினாற்போல் நின்றது.

மத்மசேலின் மேசையில் ஃபில்டர் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு கல் வைத்திருப்பார். பாதி பச்சை, பாதி ஊதா, உள்ளே வெளிச்சம் தேங்கிய கல். அதுவும் ஃப்ளோரைட்தான், மண்ணிலிருந்து எடுத்தபடி. "கத்தி வச்சா கீறும். கண்ணாடியைவிட மெத்து. அதனால துடைக்கிறப்போ கைய மறந்துட்டு மனசால துடைங்க" என்பார். மிருதுவான காகிதத்தின் ஓரத்தில் எண்ணெயைக் கரைக்கிற சைலால் ஒரு சொட்டு, ஒரே திசையில் ஒரே இழுப்பு. எண்ணெய் போகவேண்டும், அழுத்தம் விழக்கூடாது. அதை நான் நன்றாகவே செய்தேன். கீறலுக்குப் பயந்தேன். சூட்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி என் அரிசி வருகிறது.

கடற்கரை ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. ஐப்பசி பிறந்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் நூலாக ஓடும். அதற்காக ஈரம் உறிஞ்சும் குருணை டப்பாக்கள் வரும். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம், படிவங்கள் எல்லாம் புது மொழிக்கும் புது அலுவலகத்துக்கும் மாறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த டப்பாக்கள் வரத் தாமதமாயிற்று. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பச்சரிசியை வெறும் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, பிஸ்கட் டின்னில் கொட்டி, நடுவில் லென்ஸை மெல்லிய துணியில் சுற்றிப் புதைத்து இறுக மூடினேன். மூன்று நாளுக்கு ஒருமுறை அரிசியை மறுபடி வறுக்கவேண்டும். அருமையாக வேலை செய்தது. மத்மசேல் டின்னைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "நெடுங்காட்டுக் கெமிஸ்ட்ரி!" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஐந்து நாள் விடாத மழை. அரிசி கட்டி தட்டிவிட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சமையல் கட்டில் வறுத்துக் கொட்டினேன். நெடுங்காட்டுக்குப் போகிற பஸ் புறப்பட இன்னும் சிறிது நேரமே இருந்தது. மேலாக விரலை வைத்துப் பார்த்தேன், ஆறியிருந்தது. லென்ஸை உள்ளே புதைத்தேன், மூடினேன், ஓடினேன். அன்றாடம் பானையில் சோறு வடிக்கிற வீட்டில் பிறந்தவன். மேல் ஆறினாலும் அடி ஆறாது என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். பஸ்ஸும் தெரியும். பஸ் ஜெயித்தது.

காலையில் லென்ஸைப் பொருத்திப் பார்த்தால் பார்வைப் புலத்தின் குறுக்கே பனி. துடைத்தேன். பனி போகவில்லை. மேலே கண் வைக்கிற வில்லையைக் கழற்றிவிட்டுக் குழாயின் வழியே உள்ளே பார்த்தேன். அடியில் ஒரு கோடு, வானவில் பூசிய நேர்க்கோடு. கண்ணாடியில் விரிசல் விட்டால் வளைந்து நெளிந்து ஓடும். இது அளவுகோல் வைத்தாற்போல் இருந்தது. படிகம் தன் தளத்தில் பிளந்திருந்தது. சூடு பட்டால் ஃப்ளோரைட் கண்ணாடியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விரியும் என்பதும், கண்ணாடியோடு ஒட்டி வைத்த ஜோடி திடீர்ச் சூட்டில் ஒன்றையொன்று இழுத்துக் கிழித்துக்கொள்ளும் என்பதும் பிறகு தெரிந்துகொண்டவை. அப்போது தெரிந்தது ஒன்றுதான். காரைக்கால் முழுவதற்கும் இருந்த ஒரே ஃப்ளோரைட் லென்ஸை நான் அரிசியில் வேகவைத்துவிட்டேன்.

சிமிழுக்குள் போட்டு மூடினேன். மத்மசேல் வார்டிலிருந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அந்த நேரத்தில் வந்தான் ஹமீது. இருபத்து நான்கு வயது, கடற்கரைத் தெருப் பையன், அவன் வாப்பாவுக்குச் சொந்தமாகத் தோணி இருந்தது. பினாங்கில் மாமாவின் துணிக்கடைக்குப் போகவேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் நாளை மறுநாள். முழங்கைக்குக் கீழே வெளுத்த தேமல் ஒன்று, கிள்ளினால் உணர்ச்சி குறைவு. பெரிய டாக்டர் மருத்துவச் சான்றில் கையெழுத்துப் போடுமுன் தொழுநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார். இரண்டு காது மடலிலும் தேமலிலும் மெல்லக் கீறி எடுக்கிற திசுநீர், மூன்று ஸ்லைடு.

காது மடலை ரத்தம் விலகி வெளுக்கிறவரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளேடை எடுத்தேன்.

"அண்ணே, காது குத்தப் போறீங்களா? எங்கள்ல ஆம்பிளப் புள்ளைக்குக் கம்மல் கிடையாதே!"

"ஆடாம இருங்க தம்பி."

"ரெண்டு காதுமா? அப்ப ஜோடியாத்தான் போட்டு அனுப்புவீங்க போல. மாமா வீட்டுல பொண்ணு பாத்துட்டுச் சிரிக்கப் போவுது."

வாசலிலிருந்து அவன் வாப்பா ஒரு அதட்டல் போட்டார். "டேய், வாய மூடிட்டு உக்காரு. சார், எழுதிக் குடுத்துடுவீங்கல்ல? ஒண்ணுமில்லாத தேமலுங்க. கடல் தண்ணி பட்டது."

பெயர் தெரியக்கூடாது என்ற வழக்கம் இங்கே உதவவில்லை. எண்ணுக்குப் பின்னால் ஒரு சிரிப்பும் ஒரு கப்பலும் ஒரு மாமா மகளும் எனக்குத் தெரிந்துபோயிற்று.

சிவப்புச் சாயம் ஊற்றி ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டினேன். அமிலச் சாராயத்தில் கழுவினால் எல்லாச் சிவப்பும் ஓடிவிடும், அந்தக் கிருமி மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியில் நீலம். நீலப் பரப்பில் சிவப்புக் குச்சி தெரிந்தால் இருக்கிறது. தெரியாவிட்டால் நூறு இடம் பார்த்த பிறகு இல்லை.

பழைய கண்ணாடி லென்ஸைத் திருகினேன். இடது காது. எடுத்ததுமே சிவப்பு. சின்னச் சின்னதாய், நீளவாக்கில், ஓரங்களில். ஃபோகஸைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் சில ஊதாவாகிப் பின் சிவப்பாயின. சாயத் துணுக்கின் ஓரக் கசிவா, குச்சியா? பன்னிரண்டு இடத்தில் ஏழு. என் கண் நல்ல கண், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அன்று அது பார்த்தது ஸ்லைடை மட்டுமா, லென்ஸின் பிழையையும் சேர்த்தா என்று சொல்ல முடியவில்லை. ஏழு என்று எழுதினால் அந்தப் பையன் தொழுநோயாளி என்றாகும், கப்பல் கிடையாது, அந்தத் தெருவில் தலைநிமிர முடியாது. பதிவேட்டைத் திறந்தேன். முடிவு, ஒரு கட்டம். பக்கத்தில் அந்த இன்னொரு கட்டம். பேனாவின் முனை அங்கே நின்றது. 'ஃப்ளோரைட்' என்று எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? லென்ஸ் நாளைக்கு உடைந்ததாக இருக்கட்டுமே?

"என்ன கண்டீங்க?" மத்மசேல் பின்னால் நின்றார்.

"ஏழு இருக்குற..." மாதிரி என்பது வாய்வரை வந்துவிட்டது.

"எந்த லென்ஸ்?"

சிமிழை எடுத்து நீட்டினேன். சொன்னேன். அரிசி, பஸ், எல்லாம். அவர் குழாயின் வழியே பார்த்தார், நெடுநேரம். திட்டியிருந்தால் நான் நன்றாக இருந்திருப்பேன். அவர் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். பட்டப்பகலில் அறை இருண்டது. மேசைக் கல்லின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்த பொடித்துண்டுகள் நாலைந்தை ஒரு சோதனைக் குழாயில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் ஒரு நிமிடம் காட்டி விளக்கை ஊதி அணைத்தார்.

குழாய்க்குள் பட் பட்டென்று சத்தம். துண்டுகள் துள்ளித் துள்ளிச் சிதறின. பிறகு, தாயே, அவை ஒளிர்ந்தன. நெருப்பில்லாத வெளிச்சம், பச்சையும் ஊதாவும் கலந்து, உள்ளிருந்து. இருட்டில் எங்கள் இரண்டு பேர் முகமும் லேசாகத் தெரிகிற அளவுக்கு. என் தவறு அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"உங்க டின்னுக்குள்ள நடந்தது இதுல ஒரு சின்ன பங்கு" என்றார். வெளிச்சம் வடியும்வரை குழாயைப் பிடித்திருந்தார். "உடைச்சது பெரிசில்ல, கலியபெருமாள். உடைச்சதை மறைச்சு அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தீங்கன்னா, உங்களை இந்த அறைக்குள்ள விட்டிருக்க மாட்டேன்."

ஜன்னல் திறந்தது. எனக்கு மூச்சும் திறந்தது, கூடவே ஒரு அவசரமும். "அப்ப அந்தச் சிவப்பெல்லாம் பழைய லென்ஸோட கசிவுதான் மத்மசேல். இல்லைன்னு எழுதிடலாம். பையன் கப்பலேறிடுவான்."

"நல்லாருக்கே! பொய் சொல்ற சாட்சி இருக்குன்னு சொன்னா நம்பக் கூடாது, சரி. அதுக்காக இல்லைன்னு ஆயிடுமா? அந்தச் சாட்சியால ரெண்டு பக்கமும் பிரயோஜனமில்ல." அவர் கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இரண்டு நடை நடந்தார். "கலருங்க ஒண்ணுக்கொண்ணு விலகுறதாலதானே ஓரம் கசியுது? ஒரே ஒரு கலரை மட்டும் உள்ள விட்டா விலகுறதுக்கு என்ன இருக்கு? பச்சை வேணும். பச்சை வெளிச்சத்துல இந்தச் சிவப்புச் சாயம் கறுப்பா நிக்கும். நீலம் வெளிறிப் போகும். ஓரக் கசிவு இருக்கவே இருக்காது. நல்ல பச்சைக் கண்ணாடி ஒண்ணு கொண்டாங்க."

எங்கே போக? கோலி சோடா பாட்டிலின் உடைந்த அடியை வைத்துப் பார்த்தோம். வெளிர், உள்ளெல்லாம் குமிழி. மருந்துப் பாட்டில்கள் பழுப்பு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹமீது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"பச்சைக் கண்ணாடிதானேங்க? எங்க தோணில வலப்பக்க விளக்கு பச்சைதான். கழட்டிட்டு வரவா?"

"டேய், தோணி விளக்கையா?" என்றார் வாப்பா. "கழட்டிட்டா எதுலயாவது மோதிடாதா?"

"கரைமேல கிடக்குற தோணி எதுல மோதும் வாப்பா?"

மத்மசேல் வாசலுக்குப் போய் அவனிடம் நேராகவே சொன்னார். "உங்க ஸ்லைடைப் பார்க்க வேண்டிய நல்ல லென்ஸ் உடைஞ்சு போச்சு."

"யார் உடைச்சா?"

"இவர்தான்."

ஹமீது என்னைப் பார்த்தான். "காதை அறுத்ததும் இவரு, லென்ஸை உடைச்சதும் இவரா?" சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். அரை மணியில் அந்தக் கண்ணாடி வந்தது. சட்டையால் சுற்றி, உப்பு காய்ந்து, வளைந்த கனத்த ஆழ்பச்சை. பல்புக்கு முன்னால் நிறுத்தினோம். அறையே கடலுக்கடியில் போனதாக நினைத்துக்கொண்டேன்.

இடது காது. அந்த ஏழும் எங்கே? ஒன்றுமில்லை. துணுக்கு துணுக்காக வெளிறிய சாயம், அவ்வளவுதான். நூறு இடம். இல்லை. தேமல். நூறு இடம். இல்லை. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சொன்னேனா இல்லையா என்று மத்மசேலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "மூணாவது" என்றார்.

வலது காது. பத்து. இருபது. ஐம்பது. எழுபத்தொன்றாவது இடத்தில் கை நின்றது. மூன்று குச்சிகள். இரண்டு சேர்ந்தாற்போல், ஒன்று தள்ளி; லேசாக வளைந்து, நெல்லின் மூக்கு போல. கறுப்பு. கூட்டினேன், குறைத்தேன், மங்கின, திரும்பி வந்தன, ஓரம் ஓரமாகவே நின்றது. பச்சைக் கண்ணாடியை விலக்கினேன். மூன்றும் ரோஜா நிறம்.

எழுந்து நாற்காலியை விட்டேன். மத்மசேல் பார்த்தார். மூன்று ஸ்லைடையும் எடுத்து, அன்றைய வேறு இரண்டு பேருடையதில் ஆளுக்கொரு ஸ்லைடையும் சேர்த்து, எண்ணின்மேல் காகிதம் ஒட்டிக் கலைத்து மறுபடி என் முன்னால் வைத்தார். மதியச் சாப்பாடு போயிற்று. ஐந்தையும் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்து வைத்தேன். காகிதத்தைப் பிரித்தார். அதே வலது காது.

முடிவை எழுதினேன். இருக்கிறது. அந்தக் கட்டத்தில்: 'பழைய லென்ஸ், பச்சை ஒளி'. கையெழுத்து என்னுடையது. நான் விரும்பியது ஒன்று, பார்த்தது ஒன்று, எழுதியது பார்த்ததை.

பெரிய டாக்டர் மத்மசேலையே சொல்லச் சொன்னார். அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினோம். வாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஹமீது வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நான் கொண்டாந்த கண்ணாடியிலயா தெரிஞ்சுது?"

"ஆமா."

"கொண்டு வராமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றார் மத்மசேல். "கப்பலேறியிருப்பீங்க. கையில உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா போகும், சுட்டாத் தெரியாது, வெட்டினாத் தெரியாது. அப்புறம் விரல் மடங்கும். துணிக்கடையில மடங்கின விரலோட எதை அளப்பீங்க? இப்ப மூணு குச்சி. மாத்திரை இருக்கு. வருஷக்கணக்கா விடாம முழுங்கணும். முழுங்கினா விரல் பத்தும் உங்களுக்கு. கிருமி போன பிறகு நான் எழுதித் தர்றேன்."

"எத்தனை வருஷம்?"

"தெரியாது." அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

வாப்பா சுவரைப் பார்த்தபடியே, "வெளிய தெரிஞ்சா என் பொண்ணுங்களை யாரும் கட்டமாட்டாங்கம்மா" என்றார்.

"எங்க பதிவேட்டுல பேரே கிடையாதுங்க. நம்பர்தான். நம்பர் தெருவுக்கு வராது."

கப்பல் போயிற்று. ஹமீது போகவில்லை. மாதம் ஒருமுறை பின்வாசல் வழியாக வந்து மாத்திரை வாங்கிப் போவான். முதல் ஆறு மாதம் என்னோடு பேச்சில்லை. காதை மட்டும் நீட்டுவான். அதற்குமேல் அவனுக்கே தாங்கவில்லை. "அண்ணே, இந்தக் காது தேஞ்சே போச்சு. இனிமே கம்மல் போட்டா நிக்காது" என்றான் ஒருநாள். அன்று நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

புது லென்ஸ் கேட்டு எழுதிய கடிதத்தை மத்மசேல் என்னையே எழுதவைத்தார். உடைந்த காரணம் என்ற இடத்தில் 'சூடான அரிசி' என்று எழுதி அனுப்பினோம். புதுச்சேரியில் யாரோ அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் விளக்கம் கேட்டார்கள். மத்மசேல் சிரிக்காமல் பதில் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிற்காலத்தில் இந்த ஃப்ளோரைட் குடும்பத்தை நான் பல வேஷத்தில் பார்த்தேன். கேமரா லென்ஸைச் சாய்த்தால் ஊதாவாக ஒரு மினுமினுப்புத் தெரிகிறதே, அது மெக்னீசியம் ஃப்ளோரைடின் மெல்லிய பூச்சு. லென்ஸின் முகத்தில் பட்டுத் திரும்பிப் போகிற வெளிச்சத்தை அது உள்ளே அழைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவைக் கண்ணாடி வாசலிலேயே நிறுத்திவிடும்; ஃப்ளோரைட் வழிவிடும். அகச்சிவப்புக்கும் அப்படியே. வழிவிடுவதுதான் அதன் தொழில். சூட்டைக் காட்டாதீர்கள், நகத்தைக் காட்டாதீர்கள், வேறு எந்த உபசாரமும் அது கேட்பதில்லை. சுமதி, இதைத்தான் அன்று சொல்ல வந்தேன்.

மூன்றாம் வருடம் லென்ஸ் வந்தது. அதே மாதம் ஹமீதின் காதுகளும் கையும் மறுபடி என் பிளேடுக்கு வந்தன. புது லென்ஸில் நான் பார்த்த முதல் ஸ்லைடுகள் அவைதான். மூன்று ஸ்லைடு, முந்நூறு இடம். மத்மசேல் ஒரு முந்நூறு. பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதி, அந்தக் கட்டத்தில் 'ஃப்ளோரைட்' என்று நிறுத்தி நிறுத்தி எழுதினேன்.

சொன்னதும் அவன் குதிக்கவில்லை. "நான் பார்க்கலாமா?" என்றான்.

வலது காது ஸ்லைடை வைத்து, நாற்காலியை அவனுக்கு விட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொள்ளத் தெரியவில்லை, கையால் பொத்திக்கொண்டான்.

"நீலமா இருக்குங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"இந்தத் திருகை மெல்லத் திருப்புங்க. ஸ்லைடு நகரும்."

திருப்பினான். "இங்கயும் இல்ல." இன்னொரு திருப்பு. "இங்கயும் இல்ல." மடங்காத விரல்கள், திருகை வலிக்காமல் பிடித்திருந்தன. வெளியே அடுத்த ஆள் இருமினான். நான் அவன் தோளைத் தொடப்போனேன். விடுங்கள் என்று மத்மசேல் கையைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"நூறு இடம் பார்க்கணும்னுதானே உங்க கணக்கு?" கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"ஆமா தம்பி."

"இது முப்பத்தி ரெண்டு" என்றான்.